வளைவில் ஒரு வெண்கலக் கை

பிளாஸ்டர் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பரவாயில்லை சிற்பியாரே, ஊற்றுங்கள். காயும்வரை கையை அசைக்கக் கூடாது என்கிறீர்கள், அசைக்க மாட்டேன். அது எனக்கு நன்றாக வரும்.

விரல் தரையைக் காட்டும்படி இப்படித்தான் தாழ்த்திப் பிடிப்போம். முன்னால் போகிறவன் சாலையில் கல்லோ பள்ளமோ கண்டால், பின்னால் வருகிறவனுக்கு இடுப்புக்குக் கீழே கையை நீட்டிக் காட்டுவான். நொடி நேரத்து வேலை. சைக்கிள் பந்தயத்தில் பரம எதிரிக்குக்கூட அதை மறுக்க மாட்டார்கள். எத்தனையோ பேர் தங்கள் பெயரைக்கூடக் கேட்டிராத ஒருவனின் கையசைவால் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

இந்த அச்சிலிருந்து செய்யப்போகும் வெண்கலக் கையை மலைவளைவில், ராவிட்சாவின் நினைவுக்கல்லுக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறீர்கள். நல்ல விஷயம். அவருடைய மனைவி இனெஸ் அம்மையார் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றும் தெரியும். முப்பத்தொரு வருடமாக ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவர் தன் கையால் பின்னிய கையுறை ஒரு ஜோடி எனக்கு வந்துவிடும். 'உங்கள் கை குளிரக் கூடாது' என்று ஒரு சீட்டும் இருக்கும். எல்லாம் அலமாரியில் புதிதாகவே கிடக்கின்றன.

டேலியோ ராவிட்சா எங்கள் அணித் தலைவர். இத்தாலி முழுக்க அவர் பெயர் தெரியும். நான் அவருக்குத் துணை ஓட்டி. காற்று அடித்தால் முன்னால் போய் மறைப்பேன், தாகம் எடுத்தால் பின்னால் வரும் அணியின் காருக்குப் போய்த் தண்ணீர்ப் புட்டிகள் கொண்டுவருவேன், அவர் சக்கரம் பழுதானால் என் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பேன். ஒன்பது வருடம் இப்படித்தான். குறை ஒன்றும் இல்லை. அந்த வேலைக்குத்தான் என்னைச் சேர்த்திருந்தார்கள்.

இன்னொரு வேலையும் இருந்தது. அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அவருக்குத் தூரத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்தால் பத்தடிக்கு அப்பால் எல்லாம் சாம்பல் நிறம் என்பார். அணியை நடத்தும் கம்பெனிக்குத் தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் மலையிறக்கத்தில் நான் முன்னால் போவேன், அவர் என் பின்சக்கரத்தை ஒட்டியே வருவார், என் கையைப் பார்ப்பார். கை தாழ்ந்தால் பிரேக் பிடிப்பார். தாழாவிட்டால் பிடிக்க மாட்டார்.

அந்த வருடம் பந்தயம் எங்கள் ஊர் ரோவெனா வழியாகப் போனது. ஒருவனுடைய ஊர் வந்தால் ஓட்டிகளின் மொத்தக் கூட்டமும் வேகத்தைக் குறைத்து அவனை முன்னால் விடும். அவன் போய் இறங்கி, வீட்டாரை முத்தமிட்டு, ஒரு வாய் ஒயின் குடித்துவிட்டு மறுபடி வந்து சேர்ந்துகொள்வான். அந்த இடைவெளியில் யாரும் வேகம் கூட்ட மாட்டார்கள். எழுதாத சட்டம் அது. என் மகள் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பயிற்சி, பந்தயம் என்று ஊர் ஊராகப் போனதில் நான் அவளைப் பார்த்திருக்கவில்லை. காலையில் அவரிடம் கேட்டேன்.

"போய்ட்டு வாடா எர்மேத்தே, இதையெல்லாம் கேக்கணுமா? எனக்கும் சேத்து ஒரு முத்தம் குடு," என்றார்.

ஊருக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது பக்கத்தில் வந்தார்.

"தண்ணி தீந்துபோச்சு. போய் எடுத்துட்டு வா."

"தலைவரே, ஊரு வந்துருச்சு. காலைலயே சொன்னேனே."

"இப்ப எடுக்கலன்னா மலைல நான் காலி. அடுத்த வருஷமும் ரோடு அங்கயேதான்டா இருக்கும்."

நான் பின்தங்கினேன். கார் தாமதமாக வந்தது. எட்டுப் புட்டிகளைச் சட்டைக்குள்ளும் பைகளிலும் கையிலுமாக எடுத்துக்கொண்டு, கூட்டமெல்லாம் கடந்துபோன பிறகு தனியாக ஊருக்குள் நுழைந்தேன். ரொட்டிக்கடை வாசலில் வெள்ளைத்துணியில் என் பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். மேசை போட்டு ஒயினும் முட்டை அடையும் வைத்திருந்தார்கள்.

"வழி விடுங்கடா, தண்ணி லாரி வருது," என்று யாரோ ஒருவன் சொன்னான். சிரித்தார்கள். என் மனைவி நெல்லா குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். இடது கையில் இரண்டு புட்டி, வலது கையில் ஹேண்டில்பார். என்னால் கை காட்ட முடியவில்லை.

புட்டியைக் கொடுத்தபோது அவர் கேட்டார்: "உன் பொண்ணு எப்படிடா, உன்ன மாதிரியா, இல்ல அழகா இருக்காளா?"

பக்கத்தில் வந்த ஒருவன் சிரித்தான்.

"சரியாப் பாக்கல, தலைவரே."

"சரி விடு. குழந்தை எங்கயும் ஓடிப்போயிடாது."

அவ்வளவுதான் நடந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். நானும் தேடிப் பார்த்தேன், இல்லை.

மலையுச்சியில் மழை பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் மார்பில் குளிர்காற்று அடிக்காமலிருக்க, அங்கே நிற்கும் ஜனங்கள் செய்தித்தாள் நீட்டுவார்கள். ஒன்றை வாங்கி மடித்து அவர் சட்டைக்குள் நானே செருகிவிட்டேன். "நீ இல்லன்னா நான் செத்தேன்டா," என்றார். எப்போதும் சொல்வதுதான்.

முதல் வளைவில் கை காட்டினேன். பிரேக் பிடித்தார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வளைவுகளிலும் காட்டினேன். காட்டாமல் விட்டிருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்து வேகத்தைக் குறைத்திருப்பார். ஐந்தாவது வளைவில் மலைநீர் சரளைக்கற்களை அடித்துக்கொண்டுவந்து சாலையில் பரப்பியிருந்தது. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். சாலையோரத் தடுப்புச்சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குத்தான் தரை சுத்தமாக இருந்தது. நான் கடைசி நொடியில் ஒதுங்கி அதன்மேல் போனேன்.

சத்தம் அதிகம் இல்லை. சுவருக்கு அப்பால் பாறையில் கிடந்தார். இறங்கிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். டாக்டர் வந்துசேர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் உயிர் போய்விட்டது. போவதற்கு முன் ஒருமுறை கண்ணைத் திறந்தார். என் வலது கையைத் தொட்டுத் தடவிப் பார்த்தார்.

"கைக்கு என்னடா ஆச்சு? அடி பட்டுருச்சா?" என்று கேட்டார்.

அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அவர் கேட்டதைப் பத்திரிகைக்காரர்களிடம் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. குளிரில் கை விறைத்துச் சைகை காட்ட முடியாமல் போனது என்று அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள். சாகும்போதும் வேலைக்காரனின் கையைப் பற்றிக் கவலைப்பட்டவர் என்று பாதிரியார் பிரசங்கம் செய்தார். அந்த வளைவில் ஓட்டிகள் தொப்பியைக் கழற்றுகிறார்கள், பூ வைக்கிறார்கள். நானும் வருடாவருடம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், இன்னும் காயவில்லை. இனெஸ் அம்மையாரிடம் சொல்வதென்றால் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. அப்படியே இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறது. இந்தக் கை ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அந்த வளைவில் இது அசையவே இல்லை.