பாதி பொரிக்காத முட்டைகள்

— நுளம்போடை வேலை செய்யிறதாலைதான் மருமகளுக்குப் பிள்ளை தங்கேல்லை எண்டு லாசால் தமிழ்ச்சனம் முழுக்கச் சொல்லித் திரிஞ்சிருக்கிறியள், மாமி.

— சொன்னனான்தான். பொய்யோ வித்தியா? இந்த மொன்ட்ரியால் பனியுக்கை ஆருக்கு மலேரியா வருதெண்டு அந்தச் சனியனுகளை ரத்தம் ஊட்டி வளக்கிறாய்?

— எங்கடை ஆய்வுகூடக் கூண்டு நுளம்பிலை மலேரியா இல்லையெண்டு எத்தினை தரம் சொல்லுறது!

— மூண்டாவதும் கலைஞ்சு போச்சு. முன்வீட்டு நிலக்ஷி பிள்ளையைக் கார்டெறிக் காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை நான் யன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டு இருக்கிறன்.

— நீங்கள் யன்னலை மூடினியள். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடந்தனான்!

— கத்தாதை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். நுளம்பைப் பற்றித்தானே கதைச்சனீங்கள், அதையே கேளுங்கோ. எங்களிட்டை ஒரு இனம் இருக்கு. நல்லாய்ப் பறக்கும், நல்லாய்க் கடிக்கும், ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் முட்டையிலை பாதி பொரிக்காது.

— அதுக்கு?

— உள்ளை பாத்தால் ரண்டு குரோமசோம் உடைஞ்சு, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கிடக்கு. ஒட்டின இடத்திலை ஒரு டிஎன்ஏத் துண்டு. ஒரு இடத்திலை இருக்காது. பாஞ்சு திரிஞ்சு உடைச்சு விடுற சாதி. நுளம்புக்கு ஒண்டும் தெரியாது. முட்டைக்குப் போகேக்கைதான் ஒண்டுக்குத் துண்டு கூடும், இன்னொண்டுக்குக் குறையும். அது பிழைக்காது.

— ஐயோ, அதுதான் உனக்குத் தொத்தினதோ?

— தொத்திற சாமான் இல்லை மாமி! மனிசருக்கும் பிறப்பிலையே அப்பிடித் துண்டு மாறியிருக்கலாம். டொக்டர் என்ரை ரத்தத்தையும் உங்கடை மகன்ரை ரத்தத்தையும் பாத்தவ. என்ரை சரி. அவற்றைதான் மாறியிருக்கு.

— என்ரை வசீகரனிலையோ? வாயைக் கழுவு!

— சொல்லவேண்டாமெண்டு அவர்தான் கெஞ்சினவர். அவருக்காகத்தான் உங்கடை பேச்சு முழுக்கக் கேட்டுக்கொண்டு கிடந்தனான். இனி என்னாலை ஏலாது.

— அவன் கல்லு மாதிரி இருக்கிறான். ஒரு காய்ச்சலெண்டு படுத்தவனில்லை.

— படுக்கமாட்டார். அவருக்கு ஒண்டும் செய்யாது, பிள்ளைக்குத்தான். அவருக்கும் தாயிட்டை இருந்தோ தேப்பனிட்டை இருந்தோ வந்திருக்குமாம்.

— வசீகரனுக்கு முன்னம் எனக்கும் நாலு கலைஞ்சது.

— ஒருநாளும் சொல்லேல்லையே!

— மாமா சொல்ல விடேல்லை. என்ரை வயிறு சுடுகாடாம். இண்டைக்கும் கோவம் வந்தால் அந்தச் சொல்லுத்தான் அவற்றை வாயிலை வரும்... தேப்பனிட்டை இருந்தும் வருமெண்டோ சொன்னனீ?

— ஓம். ரத்தத்தைப் பாத்தால் ஆரிட்டை இருந்து வந்ததெண்டு தெரியும்.

— மனுசன் கீழை ரீவி பாத்துக்கொண்டிருக்குது. கூப்பிடு, வித்தியா. முதல் அவற்றை ரத்தத்தை எடுக்கச் சொல்லு.