எவ்ளோ இறுக்கலாம்

காலை மீஞ்சூர் ரயிலில் என் எதிரே இரண்டு பேர். துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"அழுத்தம் பட்டா வெளிச்சம் மாறுற பெயின்ட் கீதாம் மாமு. காலேஜ்ல ஆராய்ச்சி பண்றாங்களாம்," என்றார் ஒருவர்.

மற்றவர் உடனே கேட்டார்: "அத எம் பொண்ணு சட்டைல அடிக்க முடியுமா?"

"இன்னாத்துக்கு?"

"லேசா அமுக்குனாலே அவ தோலு கொப்புளிச்சிடுதே. ரத்தம் எடுத்துப் பார்த்து, ஜீன்ல கோளாறு, எங்கிட்டருந்தும் அவ அம்மாகிட்டருந்தும் வந்ததுன்ட்டாங்க. எவ்ளோ இறுக்கினா அவ தாங்குவான்னு அந்த வெளிச்சம் காட்டும்ல?"

"அது ஏரோப்ளேன் ரெக்கைக்குடா."



"நேத்து அவளே கேட்டா. 'கொப்புளம் வந்தா வரட்டும் நைனா, ஒரு வாட்டி என்னை இறுக்கிக் கட்டிக்கோ'ன்னா."

"கட்டிக்கினியா?"

"கையப் பின்னால கட்டிக்கினு நின்னேன் மாமு."