வடிய வழி கேட்டவரைச் சிரித்து உட்கார வைத்தோம்

தலைமையேற்று வீற்றிருக்கும் பாசனச் சங்கத் தலைவர் அவர்களே, உழுது உழுது உரமேறிய கரங்களோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, களையெடுத்த கையோடு கூட்டத்துக்கு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, எனக்காக அல்ல, தன் நிலத்துக்காக இங்கே வந்திருக்கும் என் உடன்பிறந்த அக்கா அவர்களே, அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

எட்டாண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில், இதே மைக்கின் முன் நின்றேன். மழையை மட்டுமே நம்பிக் கிடந்த நம் மானாவாரி மண்ணுக்கு வாய்க்கால் வந்த நாள் அது. மண் பரிசோதனை நிலைய அம்மையார் எழுந்தார்.

"ஐயா, தண்ணி வர்றதுக்கு வழி பண்ணிட்டீங்க. வடியறதுக்கு வழி பண்ணலையே? அடியில இருக்கிற உப்பு மேல ஏறிடும்."

நான் என்ன செய்தேன்? ஆராய்ந்தேனா? அமைதியாகக் கேட்டேனா? அடுக்குமொழியில் அடித்தேன்! "வந்த விருந்தை வாசலிலேயே வழியனுப்பச் சொல்கிறார் இந்த அம்மா" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அவர் காகிதங்களை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாண்டு விளைச்சல் கொட்டியது. நான்காம் ஆண்டு அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"டேய், வயல்ல வெள்ளையா என்னமோ பூத்திருக்குடா. பயிரெல்லாம் நுனி கருகுது."

"உர மிச்சமா இருக்கும்க்கா. தண்ணியை நல்லா பாய்ச்சு, கரைஞ்சு போயிடும்."

சொன்னவன் நான். செய்தவர் அக்கா. பாய்ச்சப் பாய்ச்ச அடிநீர் ஏறியது. அடிநீரோடு உப்பு ஏறியது. வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுப்போனது. பள்ளத்து நிலம் முதலில் பாழானது. கிணற்று நீரில் சோப்பு நுரைக்கவில்லை. ஊருக்கே விதை கொடுத்த என் மாமா, அக்காவின் கணவர், இன்று நகரத்தில் ஒரு கிடங்குக்குக் காவலாளி.

என்ன தம்பி, கடிகாரத்தைக் காட்டுகிறாய்? சுருக்கமாகப் பேசவா? பேசுகிறேன். அன்று நீட்டி முழக்கியது போதாதா!

போன மாதம் பரிசோதனை நிலையத்தின் படியேறினேன். அக்கா நிலத்து மண்ணை நீரில் கலக்கி, உப்பை அளக்கும் கருவியை முக்கினார் அந்த அம்மையார். "அன்னைக்கே சொன்னேன்னு சொல்லிக் காட்ட மாட்டேன். சீக்கிரம் வடிகால் வெட்டுங்க. பாதி வயலாவது தேறும்" என்றார்.

அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்டா. மேட்டுல நீ பாய்ச்சுற தண்ணி என் வயலுக்கு அடியிலதான் வந்து நிக்குது. அதை எங்க கொண்டுபோய் விடப் போற?"

இதற்கு எந்த அடுக்குமொழியில் பதில் சொல்வேன்?

ஆகவே கேட்கிறேன். வடிகால் பதினொரு பேர் நிலத்தின் வழியே போக வேண்டும். ஆளுக்குப் பத்தடி அகலம் விட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நீர் அங்கேயே நின்றுவிடும். என் நிலத்தில் நேற்றே வெட்டியாகிவிட்டது. கைதட்டாதீர்கள், சம்மதமானால் கையை உயர்த்துங்கள்.

ஒன்று... இரண்டு... நான்கு. என்னையும் சேர்த்து ஐந்து.

உயர்ந்த கைகளுக்கு என் நன்றி. உயராத கைகள் மீது எனக்கு வருத்தமில்லை. வடிகால் வீண் வேலை என்று உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். நாளை காலை முதல் அந்த ஆறு வீட்டுக்கும் வருவேன், மைக் இல்லாமல், மாலை இல்லாமல். நிற்க வைத்தே பேசி அனுப்பினாலும் மறுநாளும் வருவேன். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் இந்தக் குற்றவாளியின் வணக்கம்.