குடிக்கிறதுக்குக் கலோரி கிடையாது

எங்கள் வீட்டு எலிக்குக்கூட நான் விஷம் வைத்தது கிடையாது, அய்யா. பொறி வைத்துப் பிடித்து வாய்க்காலுக்கு அப்பால் விட்டுவிட்டு வருவேன். என் கொழுந்தன் சோணைமுத்து, அண்ணனுக்கு நான் விஷம் வைத்துவிட்டதாக உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அது பொய். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் நல்லகாமனுக்கு வாடிப்பட்டியில் அரிசி மில். மூன்று பேர் உட்காரும் பெஞ்சை ஒற்றை ஆளாக நிரப்புவார். போன வருஷம் நெஞ்சு வலிக்கிறது என்றார், மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உடம்பைக் குறைக்கச் சொல்லி, எந்தப் பண்டத்தில் எவ்வளவு கலோரி என்று அச்சடித்த அட்டை ஒன்றை டாக்டர் கொடுத்தார். அன்றிலிருந்து மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. இட்லியைத் தராசில் போட்டுத்தான் தின்பார். என் சித்தப்பா வீட்டுக் கெடா வெட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "இந்தத் தொடைக்கறி எம்புட்டு கலோரிடா வரும்?" என்று கேட்டார். பரிமாறிய பேயாண்டி, "ஆட்டைத்தான் மாமா கேக்கணும், அது இப்பத்தான் கொழம்புல எறங்குச்சு" என்றான். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்புறம் சிரிப்பு வரவில்லை. உடம்பு இறங்க இறங்க மனுஷனுக்கு இளமை ஏறிவிட்டது. மீசைக்கு மை, கழுத்துக்குப் பவுடர், நாளுக்கொரு சட்டை. வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் தங்கப்பொண்ணு என்று ஒருத்தி. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "ஆமா, தை மாசம் கூட்டிட்டு வாரேன். நீ பாட்டுக்கு ஒரு மூலையில இருந்துக்க" என்றார். இருபது வருஷம் அந்த வீட்டில் உலை வைத்தவளுக்கு ஒரு மூலை.

அவர் கணக்கில் ஒரு கோளாறு இருந்தது. மென்று தின்றால்தான் அவருக்குச் சாப்பாடு, குடிப்பது கணக்கில் சேராது. எங்கள் பக்கத்தில் விரதம் இருக்கிறவர்கள்கூடப் பாலும் மோரும் குடிப்பார்கள், விரதம் கலையாது. அதே நியாயத்தைக் கலோரிக்கும் வைத்துக்கொண்டார். ஒரு தம்ளர் பருத்திப்பாலைக் குடித்துவிட்டு, காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பார்.

எனக்குச் சந்தேகம். முழங்கால் வலிக்கு அதே டாக்டரிடம் நான் போனபோது கேட்டேன். பதறிவிட்டார். "குடிக்கிறதும் கணக்குத்தாம்மா. பருத்திப்பாலு, கொழுப்பு மிதக்குற சூப்பு எதுவும் ஆகாது. மறுபடி உடம்பு ஏறுச்சுன்னா நெஞ்சு நின்னுபோகும். போனதும் மொத வேலையா அவர்கிட்டச் சொல்லுங்க." சரிங்கய்யா என்றேன். வரும் வழியில் இறங்கிப் பருத்திக்கொட்டை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் குறையே வைக்கவில்லை. காலையில் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் விட்ட பருத்திப்பால், செம்பு நிறைய. மத்தியானம் நெய் மிதக்கும் ஆட்டுக்கால் சூப்பு. சாயங்காலம் குடிக்கிற பதத்தில் முந்திரிப் பாயசம். மில்லில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்து மனுஷன் திகைத்துப்போனார். மூன்று இட்லியை இரண்டாக்கினார், இரண்டை ஒன்றாக்கினார், கடைசியில் அதையும் விட்டார். "காத்தக் குடிச்சாலும் ஊதுதுடி, சீனியம்மா" என்று ஒருநாள் அழுதார். "வெறும் வயித்தோட இருக்காதீக, இதக் குடிங்க" என்று செம்பை நீட்டினேன். "உன்னைய மாதிரி எவ பாப்பா" என்று வாங்கிக் குடித்தார்.

புதுச் சட்டை எதுவும் உடம்பில் ஏறவில்லை. பஸ் ஏற மூச்சு முட்டியது, வண்டியூர்ப் பயணம் நின்றது. தை பிறந்ததும் தங்கப்பொண்ணு வேறு ஆளைக் கட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தது. அன்றைக்கே நான் நிறுத்தியிருக்கலாம். மெலிந்தால் இன்னொருத்தி வருவாளே என்று தோன்றியது. பாயசத்தில் ஒரு கரண்டி நெய் கூடுதலாகவே விட்டேன்.

மாசியில் ஒரு மத்தியானம், சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பாடை தூக்க நாலு பேர் போதவில்லை, எட்டுப் பேர் வந்தார்கள். அதில் சோணைமுத்துவும் ஒருவர். தோள் கடுக்கத் தூக்கினவர், விஷம் தின்ற ஆள் இவ்வளவு கனப்பானா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா.

டாக்டர் சொன்னதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. செத்துப்போவார் என்று தெரிந்துதான் ஊற்றிக் கொடுத்தேன். கொன்றவள் என்று எழுதிக்கொள்ளுங்கள், அய்யா. புருஷனை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்தவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.