பலகை இல்லாத இடம்

தலைவர் அவர்களே, மேடையிலிருக்கும் பெரியோர்களே, ஓடைக்கரைத் தெருக்களிலிருந்து ஈரச் செருப்போடு வந்து நிற்கும் மக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணியாரே! உங்கள் முன் பேச எனக்குத் தகுதி இருக்கிறதா? இல்லை. இருந்தும் அழைத்துவிட்டீர்கள்.

ஓடைக் காவலர், நம் எல்லோருக்கும் கழியண்ணன்! இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் செய்த வேலை என்ன? ஒவ்வொரு முறை வெள்ளம் வடிந்ததும் பன்னிரண்டு அடி மூங்கில் கழியோடு ஓடையில் இறங்குவார். அடிக்கு அடி குத்திப் பார்ப்பார். வெள்ளம் மணலைப் புரட்டிப் போட்டிருக்கும். போன மாதம் முழங்காலளவு இருந்த இடத்தில் இந்த மாதம் ஆளை விழுங்கும் மடு இருக்கும். எச்சரிக்கைப் பலகைகளைப் பிடுங்கி, மடு போன இடத்துக்கே கொண்டுபோய் நடுவார்.

குளிக்க வந்தவர்கள் கேலி செய்வார்கள். “என்னண்ணே, ஆழத்துக்குக் கால் முளைச்சிருச்சா?”

“ஆமாப்பா, அது பாட்டுக்கு நடக்குது. உனக்கு உசுரு ஒண்ணுதான், நீ பார்த்து நட” என்பார்.

அவருடைய அதிகாரி நான். வெள்ளத்துக்கு வெள்ளம் நாலைந்து பலகைகள் அடித்துச் செல்லப்பட்டன. மேலிடம் விளக்கம் கேட்டது. பதினொரு பலகைகளையும் கான்கிரீட் போட்டு நிறுத்தச் சொன்னேன். என் மேஜை முன் நின்று சொன்னார்: “சார், பலகைய நட்டுரலாம். ஓடைய யாரு நடுறது?” நான் என்ன செய்தேன்? கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், “சொன்னதைச் செய்யுங்க” என்றேன். செய்தார்! மட்டம் பார்த்து நேராக நிறுத்தினார்!

பத்து நாளைக்கு முன் வெள்ளம் வடிந்தது. மடு நாற்பதடி கீழே நகர்ந்திருந்தது. பலகை பழைய இடத்தில் அசையாமல் நின்றது. கொத்தனார் ஒருவரும் அவர் மனைவியும் குளிக்க வந்தார்கள். பலகையைப் படித்தார்கள். படித்ததால்தான் விலகிப் போய், பலகை இல்லாத இடத்தில் இறங்கினார்கள். அங்கேதான் மடு! ஆழம் தெரியாமல் காலை விடாதே என்போம். கரையோரமாக வந்துகொண்டிருந்த கழியண்ணன் ஆழம் தெரிந்தே குதித்தார். இருவரையும் கரைக்குத் தள்ளினார். அவரைச் சுழி இழுத்துக்கொண்டது.

அந்த இருவரும் இதோ, கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார்கள். ஐயா, அம்மா, நிமிர்ந்து உட்காருங்கள்! குனிய வேண்டியவன் மேடையில் நிற்கிறேன்.

கணவரை இழந்த அண்ணியார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “மத்த பலகையெல்லாம் சரியான எடத்துல இருக்கா, சார்?” என்று மட்டும் கேட்டார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே சூளுரைக்க வேண்டும். எப்படித் தொடர்வது? நேற்று அவருடைய கழியை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். பத்தடி தாண்டவில்லை, பயந்து கரையேறிவிட்டேன். இன்று காலை மேட்டுப்பக்கம் மறுபடி மழை. என்னால் தர முடிந்த உறுதி ஒன்றுதான்: நாளையே கான்கிரீட்டை உடைத்துப் பதினொரு பலகைகளையும் பிடுங்குவேன். பிடுங்கி எங்கே நடுவது? எனக்குத் தெரியாது. இந்த மேடையில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே மனிதரை அடக்கம் செய்துவிட்டு வந்து கூட்டம் போட்டிருக்கிறோம். கும்பிட்டுக் கேட்கிறேன், ஓடையில் யாரும் கால் வைக்காதீர்கள்.