ஏழாம் தட்டில் முட்டை

— ஏழாம் தட்டுல முட்டை எப்படிடி வந்துச்சு? மலடாக்கின புழு முட்டை போடுமா?

— அதைத்தான்க்கா நானும் கேக்கறேன்.

— நீ கேக்காத, பதில் சொல்லு. சாதாப் புழுவை எடுத்து இதுல விட்டுட்ட. இந்த ஆய்வுக்கூடத்துல உனக்கு இருக்கறதே எண்ணற வேலை ஒண்ணுதான். அதுக்கும் துப்பில்ல.

— தட்டு மாறல. மூணாம் தட்டுலயும் முட்டை இருக்கு, ஒன்பதாம் தட்டுலயும் இருக்கு.

— சரியாப் போச்சு! மைட்டோகாண்ட்ரியா பழுதான புழு சீக்கிரம் கிழடு தட்டும், இனப்பெருக்கச் செல்லை லேசரால பொசுக்கிட்டா அந்த முதுமை தள்ளிப்போகும்னு நாளைக்கு மேடையேறிச் சொல்லணும். பொசுக்கின புழு முட்டை போட்டா எவன் நம்புவான்?

— நம்பக் கூடாது. பேச்சை ரத்து பண்ணு.

— அம்மா அந்தப் பழுதாலதான் நாப்பத்தஞ்சு வயசுலயே கிழவியாகிச் செத்தா. அவளுக்காக எடுத்த வேலைடி இது. உன் கவனக்குறைவுக்காக நிறுத்தணுமா?

— அம்மாவை இழுக்காத. அவளைத் தூக்கிக் குளிப்பாட்டினது நான். நீ அப்பவும் புழுவைத்தான் பாத்துக்கிட்டிருந்த.

— ஆரம்பிச்சுட்டியா? செஞ்சதைச் சொல்லிக்காட்டாம உனக்குச் சோறு இறங்காதே. போதும். சாவியை வெச்சுட்டு வெளிய போ.

— இந்தா சாவி. இந்தப் படங்களையும் பாரு. லேசர் சுட்ட தடம். செல்லு இங்க இருக்கு, சூடு அங்க விழுந்திருக்கு. முட்டை போட்ட பன்னெண்டு புழுவுலயும் குறி தப்பியிருக்கு. சுட்டது நான் இல்ல.

— என் கை நடுங்காது.

— கை இல்லக்கா, கண்ணு. மூணு மாசமா மோவாயைத் தூக்கிக்கிட்டுத்தான் எல்லாரையும் பாக்கற. தலைக்கனம்னு பேசிக்கறாங்க.

— வயித்தெரிச்சல். பேசிட்டுப் போகட்டும்.

— உனக்கு இமை தொங்குது. அதுக்கு அடியில பாக்கத்தான் தலை தானா பின்னால போகுது. அம்மாவுக்கும் அங்கதான் ஆரம்பிச்சது.

— வாயை மூடு.

— மைட்டோகாண்ட்ரியா தாயோட முட்டை வழியாத்தான் வரும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கற. உனக்கு மட்டும் வராதா?

— எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தியா? நீயெல்லாம் கூடப்பொறந்தவளா? எந்த நாள்லேருந்துடி என் கண்ணையே உளவு பாக்கற?

— எனக்கு இமை தொங்க ஆரம்பிச்ச நாள்லேருந்து.