ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கு ஹட்சு வராது

"ஹலோ… ஆமா, நான்தான்… ஆமா, ஆமா, ஹட்சு உயிரோடதான் இருக்கு. ஏன், செத்துப்போச்சுன்னு யாராவது சொன்னாங்களா?"

தனபே ஊரில் நாய் டாக்டரம்மாவின் வாசலில் போட்டிருந்த பெஞ்சில் கினுயோ உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாளாக அவள் ஊறுகாய்க் கொட்டகைக்கு வேலைக்குப் போகவில்லை. பிளம் பழங்களைத் தரம் பிரிக்க ஆள் இல்லை என்று அங்கிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். மூன்றாவது முறையும் அவர்கள்தான் என்று நினைத்துப் போனை எடுத்தாள். பேசியது அவள் அண்ணன் தமோட்சு.

"எழுந்து நிக்குது. நேத்து சாயங்காலம் நாலு அடி நடந்துச்சு, உக்காந்துருச்சு. இன்னிக்குக் கதவு வரைக்கும் வந்துச்சு… ம்… ம்… சரி, என்ன விஷயம், அதைச் சொல்லு."

அவர் விஷயத்தைச் சொன்னார். கேட்கக் கேட்க அவள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்கா?… எந்த ஞாயித்துக்கிழமை?… நாளன்னிக்கா?… இல்ல, நீ முடி. முழுசாச் சொல்லி முடி… ஓட வேணாம். ம். சும்மா கூட்டத்தோட நின்னாப் போதும். ம். ஒசாகாவுலேருந்து ஆளுங்க வர்றாங்க, வெள்ளை நாய் ரெண்டும் பக்கத்துல நின்னா பாக்க எடுப்பா இருக்கும். ம். முடிச்சிட்டியா?"

மலையில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் ஏழு பேர் கூட்டத்துக்கு இருபது வருஷமாகத் தமோட்சுதான் தலைவர். ஏழு பேரில் பெண் என்று இருப்பது கினுயோ ஒருத்திதான். அந்தக் கூட்டத்தில் அவர் சொன்னதுக்கு மறுபேச்சு கிடையாது. கினுயோவும் இதுவரை பேசியதில்லை.

"அண்ணே, அதோட உடம்புல ரத்தமே இல்லாமப் போச்சு. உனக்கு அது தெரியுமா? ஈறைத் தூக்கிப் பாத்தா வெள்ளைத் தாளு மாதிரி இருந்துச்சு… என்ன காய்ச்சலா? உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிச்சு, அதோட கிருமி ரத்தத்துக்குள்ள போய், ரத்தத்தை உள்ளேயே உடைச்சிருக்கு… ஆமா, உண்ணிதான். உண்ணிக்கு மருந்து போடுறேன்னு நான் ஆகஸ்ட் மாசமே சொன்னேன். மோப்பம் கெட்டுப்போகும், போடாதேன்னு சொன்னது யாரு?… சரி, விடு. நான்தான் கேட்டேன். கேட்டது என் தப்பு."

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. கினுயோ துப்பாக்கியோடு மேட்டில் காத்திருந்தாள். நாய்களைக் கீழேயிருந்து அவிழ்த்துவிட்டவர் தமோட்சு. அவருடைய கோரோவும் கினுயோவின் ஹட்சுவும் பன்றியை ஓடைக்கரையில் மடக்கிவிட்டன. ஹட்சுவுக்குப் பதினாலு மாசம்தான். கிஷூ ஜாதி வெள்ளை நாய். அதுவரை பின்வாங்கியதே இல்லை. அன்றைக்கு மட்டும் பாதி குரைப்பில் நிறுத்திவிட்டு, தள்ளாடிப் போய்ச் செடிகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டது. பன்றி அந்தப் பக்கமாகவே பாய்ந்து தப்பியது. தமோட்சு ஹட்சுவைக் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தரதரவென்று வண்டி வரைக்கும் இழுத்து வந்தார். இது பூனைக்குப் பிறந்தது, பன்றியைப் பார்த்ததும் தொடை நடுங்கிவிட்டது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். ஆட்கள் சிரித்தார்கள். குட்டியிலிருந்து மடியில் போட்டு வளர்த்தவள் கினுயோ. அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் கூண்டைத் திறந்தபோது ஹட்சுவால் தலையைத் தூக்க முடியவில்லை. போர்வையில் சுற்றி வண்டியில் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு தனபேவுக்கு வந்தாள். வேறு நாயின் ரத்தத்தை ஏற்றினால்தான் பிழைக்கும், அதுவும் இன்றைக்கே ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். கினுயோ அந்த இடத்திலேயே அண்ணனுக்குத்தான் போன் செய்தாள்.

"மறந்துருச்சா? நான் கேட்டேனா இல்லையா? கோரோவைக் கொண்டா, கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கிட்டு விட்டுருவாங்க, அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கேட்டேன்… நீ என்ன சொன்னே? வேட்டைக் காலத்துல கோரோவோட ரத்தத்தை எடுத்தா அது சோர்ந்துபோகும்னே. படுத்துக்கிற நாய்க்காக நிக்கிற நாயைக் கெடுக்க முடியாதுன்னே. உன் வாயால சொன்னே… ஆமா, ஆமா, யோசிச்சுத்தான் சொன்னே. நல்லா யோசிச்சே."

அவர் வேறு ஏதோ கேட்டார். கினுயோ மூக்கால் சிரித்தாள்.

"யாரு குடுத்தாங்களா? தபால் ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணோட நாய். மோமோன்னு பேரு. முப்பத்தாறு கிலோ, ஒரே கொழுப்பு… ஆமா, வீட்டு நாய்தான். சோபாவுல தூங்குற நாய்தான். இடி இடிச்சா குளியலறையில போய் ஒளிஞ்சுக்குமாம். அது அசையாமப் படுத்து ரத்தம் குடுத்துச்சு. அந்தப் பொண்ணு இதுக்கு முன்னாடி என் மூஞ்சியைப் பாத்தது கிடையாது… சிரி. நல்லா சிரி. சோபா நாயோட ரத்தம் ஓடுது, இனிமே பன்றியைப் பாத்தா சோபாவைத் தேடும். அதானே? உன் கூட்டத்துல போய் இதையும் சொல்லு, அவனுங்களும் சிரிக்கட்டும்."

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே டாக்டரம்மா ஹட்சுவின் வாயைத் திறந்து ஈறைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு வெளியே நின்ற கினுயோவிடம் தலையசைத்தார். ஈறில் நிறம் வந்துவிட்டது என்று அர்த்தம். கினுயோவும் தலை குனிந்து வணங்கினாள். ஆனால் போனில் குரல் இறங்கவில்லை.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்… அந்தக் கிருமி பாதி இன்னும் உடம்புலயே இருக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க. திரும்ப வரலாம். ரெண்டு மாசம் மலை ஏறக்கூடாது. அப்புறமும் பாத்துத்தான்… தெரியும், உனக்கு எல்லாம் தெரியும். நாப்பது வருஷமா நாய் வளக்குறே… ம்… என்ன? இப்ப என்ன சொன்னே?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இல்ல, அதுக்கு முன்னாடி. மூத்திரத்தைப் பத்தி என்னமோ சொன்னியே… இப்ப நிறம் தெளிஞ்சிருச்சான்னு கேட்டே. கறுப்பா, டீ மாதிரி போறது நின்னுருச்சான்னு கேட்டே… அது கறுப்பாப் போச்சுன்னு உனக்கு யாரு சொன்னது?… அண்ணியா? அண்ணிகிட்ட காய்ச்சல், ரத்தம் ஏத்துறாங்க, அவ்வளவுதான் சொன்னேன். நிறத்தைப் பத்தி நான் மூச்சு விடலை."

சாலையில் ஒரு லாரி வந்தது. கினுயோ அதன் சத்தத்துக்கு விலகிச் சுவரோரம் போனாள்.

"அண்ணே, எப்போ பாத்தே?… ஞாயித்துக்கிழமையா?… காலையிலயா?… அவுத்து விடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? அதை மட்டும் சொல்லு."

சொன்னார். நிறையச் சொன்னார். பன்றியின் தடம் அப்போதுதான் பதிந்த ஈரத்தோடு இருந்தது, ஆட்கள் எல்லாரும் இடம் பிடித்துத் தயாராக நின்றார்கள், முந்தின நாள் ராத்திரி எதையாவது தின்றிருக்கும் என்று நினைத்தார் என்பதெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. பேசத் தொடங்கியபோது அதுவரை இருந்த சத்தம் அவள் குரலில் இல்லை.

"முன்னாடி… ம்… வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்துல… ம். அந்தக் கறுப்பு மூத்திரத்தைப் பாத்துட்டுத்தான் கயித்தை அவுத்தே.

"உடம்புல ரத்தம் இல்லாம அது அந்த மேடு முழுக்க ஓடியிருக்கு. ஓடைக்கரையில பன்றிக்கு முன்னாடி நின்னு குரைச்சிருக்கு. முடியாமத்தான் படுத்துச்சு. அது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஆறு பேர் முன்னாடி கோழைன்னு சொன்னே… இரு, நான் பேசிக்கிறேன்.

"அன்னிக்கு சாயங்காலம் எங்க வீட்டு முற்றத்துல நின்னு டீ குடிச்சியே. நான் அதுக்குச் சோறு வைக்கலை. ஞாபகம் இருக்கா? கிண்ணத்தோட கொண்டுவந்தேன், நீ சொன்னதெல்லாம் மனசுல வந்துச்சு, கோழைக்கு என்ன சோறுன்னு திருப்பி எடுத்துக்கிட்டுப் போனேன். அது கம்பிக்குள்ள படுத்துக்கிட்டு என்னையே பாத்துச்சு. நீ பக்கத்துலதான் நின்னே. அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேணாம் கினு, அதுக்கு உடம்பு சரியில்லைன்னு. அவ்வளவுதான். டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிப் போனே."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உன்மேல மட்டும் இல்லண்ணே, என்மேலயும்தான் எனக்கு ஆத்திரம். நான் வளத்த நாயை எனக்குத் தெரியலை. நீ சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன். அம்பது வயசாகியும் அப்படியே நினைச்சேன்… இல்ல. வேணாம். இப்ப அழாதே. நல்லாயில்ல.

"ஞாயித்துக்கிழமை அது வராது. அதுக்கப்புறமும் உன் கூட்டத்துக்கு வராது. நானும் வரமாட்டேன். என் இடத்துக்கு வேற ஆளைப் போட்டுக்கோ… ஆமா, யோசிச்சுத்தான்… ஆமா."

உள்ளே ஹட்சு கதவருகே வந்து நின்றது. ஊசி போட மயிரை மழித்த முன்னங்கால் மட்டும் மெலிந்து தெரிந்தது. அவளைப் பார்த்ததும் கண்ணாடியில் மூக்கை வைத்தது.

"என்ன? இங்கயா? இப்பவா?… கோரோவையும் கூட்டிக்கிட்டா?… வேணாம்… பாக்கணும்னுதான் சொல்றே, புரியுது. வேணாம்ணே… ஏன்னு கேக்குறியா?

"நீ வண்டியை விட்டு இறங்கினா உன் வாசனை அதுக்குத் தெரிஞ்சுரும். நடக்க முடியலைன்னாலும் வாலை ஆட்டிக்கிட்டு உன்கிட்டதான் ஓடி வரும். அதுக்கு ஒண்ணும் தெரியாது. அதை என்னால நின்னு பாக்க முடியாது. அதனால வராதே… வராதேண்ணே. வச்சிர்றேன்."